அம்மா தடி பிடித்த பின்னேரம்

மெழுகுதிரி கொளுத்துகிறார்கள், ஆனால் முன்னால் ஒரு சொரூபமும் இல்லை. எங்கள் ஊருக்கு வந்த பின்னேரப் பள்ளிக்கூடத்தைப் பற்றி முதலில் கிளம்பிய சந்தேகம் இதுதான். ஊர்காவற்றுறைக்குக் கிட்ட, கடலோடு ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஊரில் பாதிப்பேர் கத்தோலிக்க வேதக்காரர், பாதிப்பேர் சைவக்காரர். சொரூபமில்லாத மெழுகுதிரி என்றால் அது அல்லேலூயாக் கூட்டம்தான் என்று எங்கள் மாதா கோயிலடியில் முடிவுகட்டினார்கள். மெழுகுதிரி என்றாலே பிள்ளைகளை வேதத்துக்கு இழுக்கிற வேலைதான் என்று பிள்ளையார் கோயிலடியில் முடிவுகட்டினார்கள். ஊர் முழுவதும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனதை நான் கண்டது அப்போதுதான்.

சண்டை முடிந்து, சனங்கள் திரும்பி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடத்தை நடத்தியவர் நீண்டகாலம் சுவிசில் இருந்துவிட்டு வந்த ஒரு பெண். ஆளில்லாமல் பாழடைந்து கிடந்த தன் தகப்பனாரின் கல்வீட்டைத் திருத்தி, அரசாங்கப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளை அங்கே கூப்பிட்டார். ஊரில் எல்லோருக்கும் அவர் சுவிஸ் ரீச்சர். வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகொடுத்து, பெயர் சொல்லி உள்ளே விடுவார். கையைப் பிடித்து என்ன பார்க்கிறார் என்பது அடுத்த சந்தேகம். இரத்த வகை பார்க்கிறார் என்று பக்கத்து வீட்டு மாமி அடித்துச் சொன்னார்.

பிறகு கைவேலை வகுப்பில் செய்த துணிப்பாவைகள் வீடுகளுக்கு வந்தன. அவற்றுக்கு முகம் இல்லை. சிரிப்பதா அழுவதா என்பதைப் பிள்ளையே மனதில் வைத்துக்கொள்ளட்டும் என்று ரீச்சர் விளக்கம் சொன்னாராம். முகமில்லாத பாவையை எதற்குச் செய்வார்கள் என்று எங்கள் ஊருக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மாமி தன் மகன் கொண்டுவந்த பாவையைப் படலைக்கு இங்கால் எடுக்க விடாமல், செய்வினை கழியத் தேசிக்காயோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கடலில் போட்டுவிட்டு வந்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்தான். இருந்தாலும் இந்த மாதிரி விஷயங்களில் அவர் ஒரு பக்கத்தையும் பகைத்துக்கொள்வதில்லை.

இத்தனைக்கும் பிறகு என்னை அங்கே அனுப்பியதற்கு ஒரே காரணம் என் வாய். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். கடுமையாகத் திக்குவேன். என் பெயரைச் சொல்வதற்குள் கேட்டவர் இரண்டு பேருடன் கதைத்து முடித்துவிடுவார். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வரிசையாக வாசிக்கச் சொல்லும்போது, வகுப்பு ரீச்சர் என்னைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். அது இரக்கத்தால் செய்தது என்று இப்போது விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை. மெல்ல மெல்ல நான் கதைப்பதையே விட்டேன்.

அப்பா கடற்றொழிலாளி, எதையும் இலேசில் நம்பாதவர். "சோதினை இல்லை, புள்ளி இல்லை. பேந்து பிள்ளை படிச்சுதோ இல்லையோ எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டேதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ரீச்சர் எனக்கும் கைகொடுத்தார். இரத்தம் எடுக்கிறாரா என்று நான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அங்கே மொழி வகுப்பில் கதிரையில் இருக்க விடமாட்டார்கள். சொல்லை நடந்துகொண்டு சொல்ல வேண்டும். ஒரு அடி வைத்தால் ஒரு சொல், கை விரித்தால் ஒரு எழுத்து. எங்கள் கரையில் வீசும் காற்றுகளைப் பிள்ளைகளிடம் கேட்டு, அவற்றை வைத்து ரீச்சர் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார்.

வாடை வருது வலையை எடு
கொண்டல் வருது கூரையைக் கட்டு
சோளகம் வருது சுருட்டு பாயை
கச்சான் வருது கதவைச் சாத்து

காலைத் தட்டி, கையை வீசி இதைச் சொல்லும்போது எனக்குத் திக்கவில்லை. முதல்நாள் அதை நானே நம்பவில்லை. யாரோ பின்னால் நின்று என் குரலில் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அன்று வீட்டு முற்றத்தில் அப்பாவுக்கு முன்னால் நடந்து நடந்து சொல்லிக் காட்டினேன். அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். அதற்குப் பிறகு சோதினையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

அம்மா மட்டும் குசினி வாசலில் நின்று பார்த்தார். அம்மாவின் சந்தேகம் ஊரின் சந்தேகம் மாதிரி இல்லை. மெழுகுதிரியைப் பற்றியோ பாவையைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் வேறு. வரிசையில் விடுகினமோ? படம் எடுக்கினமோ? வெளியாட்கள் ஆரும் வந்து பாக்கினமோ? இடம்பெயர்ந்து போயிருந்த காலத்தில் அப்பா வன்னியில் கட்டிக்கொண்டு வந்தவர் அம்மா. ஊருக்கு வந்து வருடங்கள் போயும் மாமி போன்றவர்களுக்கு அவர் இன்னமும் வன்னிப்பெட்டைதான். அம்மா அதிகம் கதைக்கமாட்டார். தோளைக் கூனிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து மெதுவாக நடப்பார். அவருக்கு ஏதோ வருத்தம் என்று நான் நினைத்திருந்தேன்.

கைவேலை வகுப்பில் ஊசி இல்லாமல் விரலாலேயே நூல் பின்னப் பழக்கினார்கள். நான் கறுப்பு நூல் எடுத்து ஒரு நீளக் கயிறு பின்னி, அதில் ஒரு சிப்பியைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து, கையில் இருந்த கத்தியால் கயிற்றை அறுத்தார். எனக்கு முதலில் பயமும் பிறகு சரியான கோபமும் வந்தது. கழுத்தில் ஏற்கெனவே மாதாவின் உத்தரியக் கயிறு இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் வேறொன்று தொங்குவது மாதாவுக்குப் பிடிக்காதாக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஆனால் அம்மா அவ்வளவு பக்திக்காரியும் இல்லையே என்று என் உள்மனம் கேட்டது. அன்றிலிருந்து நான் அம்மாவைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். நான் கதைப்பது இவருக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் என் சந்தேகம்.

அடுத்தது தடி. அசைவு வகுப்புக்கு ரீச்சர் பூவரசந் தடிகளை ஒரே அளவாக வெட்டி, தோல் சீவிக் காயவைத்திருந்தார். பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் தடியைத் தூக்கி, தோளில் வைத்து, நீட்டி, எதிரே நிற்பவருக்கு எறிந்து பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கவும் கைக்கும் நாக்குக்கும் ஒரு தாளம் வரவும் அது நல்லதாம். வேலிக்கு வெளியே போன சனங்கள், பிள்ளைகள் வரிசையில் தடியோடு நிற்பதைக் கண்டதும் நடையை நிறுத்தினார்கள். அந்த விஷயத்தை மட்டும் யாரும் உரத்துக் கதைக்கவில்லை.

"தடி குடுத்து வரிசையில விடுறதெண்டா இனி அனுப்பேலாது," என்றார் அம்மா.

"பிள்ளை வாய் திறக்கிறாள். உமக்கு அது தெரியேல்லையே?" என்றார் அப்பா.

 அடுத்த நாள் நான் போகும்போது அம்மா தடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு வருடம் முடிந்ததற்குப் பெற்றோரை அழைத்து ஒரு விழா வைத்தார்கள். சந்தேகம் உள்ளவர்கள் எல்லோரும் வந்தார்கள், அதாவது ஊர் முழுவதும் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் தாயோடோ தகப்பனோடோ எதிரெதிரே நின்று, காற்றுப் பாட்டைச் சொல்லித் தடி மாற்ற வேண்டும். எனக்கு அப்பா வருவதாக ஏற்பாடு. நாங்கள் முற்றத்தில் பழகியும் இருந்தோம். அன்றைக்கென்று பார்த்து அப்பாவின் வள்ளம் கரைக்கு வரவில்லை. என் முறை வந்தபோது நான் தனியாக நின்றேன். எனக்கு எதிரே அப்பாவுக்கு வைத்த தடி நிலத்தில் கிடந்தது.

ரீச்சர் தான் வருவதாகக் கைகாட்டினார். அதற்குள் நான் தொடங்கிவிட்டேன். "வா... வா... வா..." அதற்கு மேல் வரவில்லை. காலும் அசையவில்லை. சிரித்தது பிள்ளைகளா பெரியவர்களா தெரியாது. மாமி உச்சுக் கொட்டியது மட்டும் நன்றாகக் கேட்டது. இனி வாழ்நாளில் வாய் திறப்பதில்லை என்று நான் அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

அம்மா கடைசியில் வேலியோடு நின்றவர். சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து தடியை எடுத்தார். நிமிர்ந்தபோது அது வேறு ஆள். கூனல் இல்லை. குதிக்கால் இரண்டும் சேர்ந்திருந்தன. தடி அவர் கையில் ஒருமுறை சுழன்று தோளில் போய்த் 'தக்' என்று உட்கார்ந்தது. என் கண்ணைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் "ஒண்டு, ரெண்டு" என்றார். நான் "வாடை வருது" என்றேன். தடி வந்தது, பிடித்தேன். "கொண்டல் வருது" என்று எறிந்தேன். அம்மா பாராமலே பிடித்தார். கச்சான் வந்து கதவைச் சாத்தும்வரை எனக்கு ஒரு இடத்திலும் திக்கவில்லை. அப்படி ஒரு சந்தோசத்தை நான் பிறகு அனுபவித்ததில்லை.

கைதட்டல் வரவில்லை. சுவிஸ் ரீச்சர் மட்டும் தனியாகத் தட்டினார். மற்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவின் காலைப் பார்த்தார்கள். அம்மா தடியை நிலத்தில் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார். தோள் பழையபடி கீழே இறங்கியது. எல்லோருக்கும் பொறாமை என்று நான் நினைத்தேன்.

அந்த நிற்பு எங்கே பழகியது என்பதை நான் வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அப்பா சொன்னார். அம்மா கலியாணத்துக்கு முன் இயக்கத்தில் இருந்தவர். தானாகப் போனவரா, கொண்டுபோனார்களா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. துவக்குக் கொடுக்க முதல் அங்கே தடியைக் கொடுத்துத்தான் பழக்குவார்களாம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் நஞ்சுக்குப்பி தொங்குமாம். சண்டையின் முடிவில், இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் தனியாக வந்து பதியவேண்டும் என்று ஆமி ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது, அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சனத்தோடு சனமாக அசையாமல் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு கூனி நடந்தே அத்தனை வருடமும் தப்பியிருந்தார். அன்று முற்றத்தில் நின்ற பெரியவர்களில் அந்த நிற்பு தெரியாதவர் யாரும் இல்லை.

விழா முடிந்து சில நாட்களில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடுப்பு, சிங்களம் கலந்து இழுத்து இழுத்துப் பேசிய தமிழ். யார் போய்ச் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமியின் முகத்தைப் பார்க்கிறேன். சில நேரம் சுவிஸ் ரீச்சரைக்கூட என்னால் சந்தேகத்திலிருந்து முழுதாக விட்டுவிட முடிவதில்லை. வளர்ந்த ஊர் அப்படி. வந்தவர்கள் கதிரையில் இருந்து, அம்மா கொடுத்த பிளேன்ரீயைக் குடித்தார்கள். தடி பிடிக்க எங்கே பழகினீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்கள். அம்மா நின்றுகொண்டே பதில் சொன்னார். அப்பா உள்ளே போய்க் கருவாட்டுப் பொதி ஒன்று கட்டிக்கொண்டு வந்து அவர்களிடம் கொடுத்தார். 

அவர்கள் போனதும், இனிப் பிள்ளையை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டாம் என்றார் அப்பா. அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாறது இனி எனக்குத்தானே," என்றார். "அவள் போகட்டும். அவள் கதைக்கட்டும்."

அதற்குப் பிறகு அம்மா மாதாமாதம் நல்ல சேலை உடுத்து, பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போய்வரத் தொடங்கினார். எங்கே போகிறார் என்று கேட்டால், கையெழுத்து வைக்க என்றார் அப்பா. எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளிக்கூட ரீச்சர்மார் காலையில் வந்ததும் கையெழுத்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அம்மா தடி பிடித்ததைக் கேள்விப்பட்டு அவரைத் தேடி வந்திருக்கிறார்கள்.

அது விளங்கிய அன்று பின்னேரம் கல்வீட்டு வாசலில் சுவிஸ் ரீச்சர் கைகொடுத்தபோது, பின்னால் நின்ற பிள்ளைகளுக்கும் கேட்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி உரத்துச் சொன்னேன்:

"ரீச்சர், எங்கட அம்மாவுக்குக் கவுண்மேந்து வேலை கிடைச்சிட்டுது."

ஒரு எழுத்தும் திக்கவில்லை.