வேலி தாண்டாத காளை

லாய்ட் கெம்ப்ஸ்டர் என் அக்கா ஐலீனை முதன்முதலாகப் பார்த்தது கைரா ஊர் நடன விழாவில். அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கால் ரெண்டும் நேரா இருக்கு, நடையும் நல்லா இருக்கு" என்றாராம். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது என்பது அக்காவுக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. புரிந்ததும் கல்யாணம் செய்துகொண்டாள். நானும் அவர்கள் பண்ணைக்கே வந்துவிட்டேன். கண்காட்சிக்குப் போகும் மாடுகளைக் குளிப்பாட்டி, முடியை உலர்த்தி வாரிவிடுவது என் வேலை.

மனிதர்களையும் லாய்ட் மாடு பார்க்கும் கண்ணால்தான் பார்ப்பார். புதிதாக வந்த பாதிரியாரைக் கண்டவுடனே, பின்னங்கால் சரியில்லை, நின்று பேசும் வேலைக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டார். பாதிரியாரும் முழங்கால் வலியென்று மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அதிலிருந்து, லாய்ட் எதிரே வந்தால் ஊரில் பலர் எங்காவது உட்கார்ந்துகொள்வார்கள்.

எங்களுடையவை ஹெர்ஃபோர்ட் இன மாடுகள். செம்பழுப்பு உடம்பு, வெள்ளை முகம். வேறு எந்த இனத்தோடு சேர்ந்தாலும் கன்றுக்கு அந்த வெள்ளை முகம் வந்துவிடும். எங்கள் பெரிய காளையின் பெயர் பிஷப். கண்ணைக் கட்டிவிட்டாலும் பிஷப்பின் கன்றைப் பின்பக்கம் தடவியே சொல்லிவிடுவேன் என்பார் லாய்ட். பிஷப் வேலி தாண்டாது என்பதையும் விடாமல் சொல்வார். ஓடையோரம் வேலி சாய்ந்து கிடந்த வருடம், பக்கத்துப் பண்ணைக்காரர் நெவில் ப்ரூவெட் வந்து, உன் காளையின் வேலைதான் இது என்றார். லாய்ட் கங்காருவின் மேல் பழியைப் போட்டார். கம்பியில் செம்பழுப்பு முடி சிக்கியிருந்தது. அந்த நிறத்திலும் கங்காரு உண்டு என்றார்.

இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நெவிலின் மாடுகளும் ஹெர்ஃபோர்ட்தான்; ஆனாலும் அவற்றை, மிச்சம் மீதியை ஒட்டிச் செய்தவை என்று லாய்ட் கேலி செய்வார்.

லாய்டுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். சிட்னி பெரிய கண்காட்சியில் நடுவராக நிற்க வேண்டும். போன வருடம் எங்கள் ஊர்க் கண்காட்சியில் அவர் நடுவர். அவருடைய தீர்ப்பைப் பார்க்க சிட்னி கண்காட்சிக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆஷ்டன் என்பவர் வந்திருந்தார். லாய்ட் புதுத் தொப்பி வாங்கியிருந்தார்.

எது யாருடைய மாடு என்று நடுவரிடம் சொல்லக் கூடாது. பிடித்து வருபவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டு. நெவில் தன் இளங்காளையை வெளியூர் ஆள் ஒருவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, ஸ்கோன் என்னும் சின்ன ரொட்டி விற்கும் கூடாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

லாய்ட் அந்தக் காளையின் இடுப்பில் கை வைத்தவர் எடுக்கவேயில்லை. நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு முதல் பரிசு ரிப்பனை அதற்கே கட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"விலா நல்ல ஆழம். இடுப்பு அகலம். நடை பூனை மாதிரி. இதை வளர்த்தவன் எவனா இருந்தாலும் அவனுக்கு என் தொப்பியைக் கழட்டுறேன்."

நெவில் வாயில் ஸ்கோனோடு வந்து நின்றார். "கழட்டுடா."

ஆஷ்டன் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. தொப்பி கழன்றதும், வெயில் படாத நெற்றிக்கு மேலே வெள்ளை, வெயில் பட்ட கீழ்ப்பக்கம் சிவப்பு. எங்கள் மாடுகளின் சொந்தக்காரர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

காளையின் அப்பன் கனடாக்காரன், சினை ஊசி போட்டுப் பிறந்தது என்று நெவில் ஊரெல்லாம் பெருமையடித்தார். ஆனால் முதல் பரிசு வாங்கினால் வால் முடியை அனுப்பி அப்பன் யார் என்று சோதிப்பது இனச் சங்கத்தின் வழக்கம். முடிவு வந்தது. கனடாக்காரன் அப்பன் இல்லை. பிஷப்தான் அப்பன்.

இரண்டு பக்கமும் சுத்த இனம் என்பதால் நெவிலின் ரிப்பனுக்கு ஆபத்தில்லை. ஆபத்து லாய்டுக்குத்தான். தன் காளையின் கன்றென்று தெரிந்து பரிசு கொடுத்தார் என்றால் அவர் திருடன். தெரியாமல் கொடுத்தார் என்றால் குருடன். இரண்டுக்குமே சிட்னியில் இடமில்லை. அக்கா இரண்டு நாள் அவருக்குப் பிடித்ததாகவே சமைத்தாள். அவர் ஒன்றையும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆஷ்டன் போனில் பேசப்போகிறார் என்று தெரிந்து நெவில் எங்கள் சமையலறைக்கு வந்து, பழக் கேக்கை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லாய்டுக்குக் காது மந்தம், அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"தெரிஞ்சு குடுத்தீங்களா, தெரியாம குடுத்தீங்களா?" என்று கேட்டார் ஆஷ்டன்.

லாய்ட் மேஜைத் துணியைக் கொஞ்ச நேரம் நீவிவிட்டார்.

"தெரியலைங்க. பின்பக்கம் கை வெச்சப்ப எங்கயோ பழகின மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அந்த நெஞ்சும் நடையும் என் மந்தையிலேயே கிடையாது. அது நெவிலோட பசு குடுத்தது. அதுதான் என் கண்ணை மறைச்சிருச்சு. நல்ல பசுங்க."

நெவில் மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப வேலி?"

"வேலியும் என் காளைதான்டா."

போனில் இருமல் போல ஏதோ கேட்டது. சிரிப்பு என்று எனக்கு முன்பே அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"ஹெர்ஃபோர்டுக்கு உங்களைப் போட முடியாது, மிஸ்டர் கெம்ப்ஸ்டர். கறுப்பு ஆங்கஸ் மாடுகளுக்கு நடுவரா வாங்க. உங்க காளை அதுக்குள்ள பூந்திருந்தா கறுப்பு உடம்புல வெள்ளை மூஞ்சி இருக்கும். அது உங்களுக்கே தெரிஞ்சிரும்."

லாய்ட் வருவதாகச் சொன்னார். அக்காவிடம் கேக் கேட்டார். பெரும்பகுதியை நெவில் முடித்திருந்தார்.

இன்னும் சாய்ந்தே கிடக்கும் அந்த வேலியைக் கட்ட இருவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறார்கள். கம்பியை எடுத்துக்கொண்டு போவதில்லை. சாய்ந்த இடத்தின் இரு பக்கமும் நின்று, அடுத்து நெவிலின் எந்தப் பசுவைப் பிஷப் பக்கம் மேயவிடலாம் என்று சண்டை போடுகிறார்கள்.