ஒற்றைவிரல் கேட்ட கட்டம்

ரத்த வங்கியில் முப்பது வருஷமாக ஒரே நாற்காலியைத் தேய்த்தவர் அவர். கம்ப்யூட்டரை ஒரு விரலால் தட்டுவதால் ஒற்றைவிரல் என்று பெயர். ரத்தம் கொடுப்பவர்களுக்குப் போன் போட்டு வரவழைப்பதுதான் வேலை. அதற்கென்று ஒரு தடித்த நோட்டு. அதை யார் கையிலும் கொடுக்கமாட்டார், அவ்வளவு கஞ்சன்! மனைவி போன பிறகு அந்த நாற்காலிதான் அவருக்கு வீடு மாதிரி.

இனி நோட்டு வேண்டாம், பட்டியலை டேட்டாபேஸில் ஏற்றி அதிலிருந்தே வெப்சைட் ஓடட்டும் என்றார் மேனேஜர். "அப்புறம் நீங்க நிம்மதியா ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கலாம்ணே," என்று தேன் தடவிச் சொன்னார். ஒற்றைவிரல் நோட்டை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

வெப்சைட் செய்ய வந்த பெண் இரண்டு மென்பொருள்களைக் காட்டினாள். முதலாவது கண்ணைப் பறித்தது. படம் வழுக்கிக்கொண்டு வந்தது, பொத்தான்கள் மினுங்கின. மேனேஜர் அதன் அழகில் அங்கேயே விழுந்துவிட்டார். இரண்டாவதில் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். சரியான அழுமூஞ்சி.

"தினமும் இதுல வேலை செய்யறது நீங்கதானே, எது வசதி சார்?" என்று, ஸ்டோர் ரூம் விஷயம் தெரியாமல், அவள் ஒற்றைவிரலைக் கேட்டாள். அவரிடம் அபிப்பிராயம் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை.

அவர் கனைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் பொடி எழுத்து. 'பேக்கரிக்காரர். மதியம் வரை தூங்குவார்.' 'அம்மா எடுத்தால் விஷயத்தைச் சொல்லாதே, மகன் ரத்தம் கொடுப்பது தெரியாது.' 'ஊசி என்றால் பயம். பேச்சுக் கொடுத்தால் வருவார்.'

"இதுக்கு ஒரு கட்டம் வேணும்மா. நம்ம ஆளுங்க மட்டும் பார்க்கிற மாதிரி."

முதல் மென்பொருளில் அவள் தலைகீழாக நின்று பார்த்தாள். கம்பெனிக்காரன் வைத்த கட்டத்துக்கு மேல் ஒன்றும் சேர்க்க முடியவில்லை. அழுமூஞ்சியில் இரண்டே நிமிஷத்தில் புதுக் கட்டம் வந்து உட்கார்ந்தது.

"நம்பர் இருந்தா போதாதா?" என்றார் மேனேஜர்.

"நம்பர் இருந்தா போன் அடிக்கும் சார். ஆள் வரணுமே," என்றார் ஒற்றைவிரல்.

"ஒண்ணு போட்டுப் பாருங்க சார்," என்றாள் அவள். ஒற்றைவிரல் தன் பெயரையே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். ரத்த வகை, நம்பர். பிறகு புதுக் கட்டத்தில்: 'எந்நேரமும் கூப்பிடலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை.'

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். பக்கத்து அறையிலேயே இருந்தும் தான் ஒருநாளும் விசாரித்ததில்லையே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"ஸ்டோர் ரூமுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்ணே. இதையே வாங்கிடலாம், நீங்களே ஏத்துங்க. இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

"ஆயிரத்து எண்ணூறு," என்றார் ஒற்றைவிரல், அடுத்த பெயருக்கு விரலை நீட்டியபடி.