பூட்டிய சாயப்பட்டறை

சாயப்பட்டறைகளைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. கழிவுநீர் விதி கடுமையானதும் முதலாளிகள் கடன் வாங்கிச் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்தார்களா, தொழிலையே மூடினார்களா என்பது என் கேள்வி. மூடிய பட்டறைகளையெல்லாம் 'மாசு நின்றது' என்று எழுதியிருந்தேன். நெறியாளருக்குப் பரம திருப்தி. சமர்ப்பிக்குமுன் ஒரு புகைப்படம் சேர்க்கலாமென்று திருத்தணியில் இறங்கி, பொதட்டூர்பேட்டைப் பக்கம் பூட்டிக்கிடந்த ஒரு பட்டறைக்குப் போனேன்.

பூட்டைப் படமெடுத்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். முழங்கை வரைக்கும் நீலச்சாயம்.

"நீங்க இந்தப் பட்டறையில வேலை செஞ்சவங்களாம்மா?" என்றேன்.

"ஆங், இப்பவும் அதே முதலாளிகிட்டதான் சார்."

"மூடிட்டாங்களே?"

"எங்க மூடினாங்க? ஆந்திராவுக்குத் தூக்கினு போய்ட்டாங்க. தினம் பஸ்ல போய்கினு வந்துகினு இருக்கோம்." எதிரே ஓடையைக் காட்டினார். "சாயத்தண்ணி மட்டும் பஸ் இல்லாமலே வந்துடுது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பதிவேடுகளை மட்டும் வைத்து எழுதியவன் நான். என் வரைபடத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை.

அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது, அதில் வருத்தமில்லை. அன்று ஊர் திரும்பும் ரயிலில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததுதான் இன்னும் உறுத்துகிறது. பூட்டிய கதவுக்கு முன்னால் ஓடை நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் என் கண் பூட்டுக்குப் போயிருக்கிறது.