நாற்காலிப் பேருந்து

முத்தியால்பேட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளி. மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்குத் தயார்செய்யும் வகுப்பு அங்கே நடக்கிறது. வாரம் இரண்டு நாள் உதவிக்குப் போகிறேன். பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

ஆறு மாதமாக அங்கே பேருந்துப் பயணம் கற்றுக்கொடுத்தோம், வகுப்பறைக்குள்ளேயே. இரண்டிரண்டாகப் பன்னிரண்டு நாற்காலிகள். உடற்பயிற்சி ஆசிரியர் ஓட்டுநர், சிறப்பு ஆசிரியை நடத்துநர். இறங்குபவர்கள் இறங்கிய பிறகு வரிசையாக ஏற வேண்டும். எல்லாரும் உட்கார்ந்த பிறகே விசில். இந்த ஊரில் எந்தப் பேருந்து இப்படி ஓடுகிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"நாம நல்லதத்தானே சார் சொல்லித் தரணும்" என்றார் ஆசிரியை.

மாணவர்களில் ஒருத்தி கனகசெட்டிக்குளத்துப் பெண், பிளஸ் டூ. அறிவுசார் குறைபாடு என்று கோப்பில் இருந்தது. மீன் விற்கும் அம்மாவே தினமும் பேருந்தில் கூட்டி வந்து, கூட்டிப் போவார். பள்ளிக்கு அருகிலுள்ள பேக்கரியில் ரஸ்க் பாக்கெட் போடும் வேலை அவளுக்குக் காத்திருந்தது. தனியாக வந்துபோகத் தெரியும் என்று பள்ளி எழுதித்தர வேண்டும் என்பது முதலாளியின் நிபந்தனை. கடிதம் கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்ததும் அவள் வீட்டோடுதான்.

அதற்காக ஒரு தேர்வு வைத்தோம். அவள் தனியாகப் போவதைப் பார்க்க ஐந்து பேர் கனகசெட்டிக்குளம் நிறுத்தத்துக்குப் போனோம். இரண்டு ஆசிரியர்கள், கல்வித்துறை அதிகாரி ஒருவர், படம் எடுக்க அவருடைய உதவியாளர், நான்.

பேருந்து நிரம்பி வழிந்து வந்தது. அவள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினாள், முழங்கையை முன்னால் விட்டாள். "தள்ளு தள்ளு, வழி வுடு!" உள்ளே போய்விட்டாள். மீன் கூடையோடு ஏறும் அம்மாவிடம் கற்ற வித்தை. நாங்கள் ஐவரும் பாடத்தில் உள்ளபடி, இறங்குபவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். விசில் அடித்தது. பேருந்து போய்விட்டது.

"ஐயோ சார், தனியா போயிட்டா!" என்று ஆசிரியை அலறினார். தேர்வே அதற்குத்தான் என்பது யாருக்கும் நினைவில்லை.

ஒரே ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்து துரத்தினோம். முத்தியால்பேட்டை நிறுத்தத்தில் ஒரு கடை நிழலில் அவள் நின்றிருந்தாள். கோபமாக இருந்தாள்.

"எங்க மிஸ் போனீங்க? தொலஞ்சிட்டீங்களோன்னு பயந்துட்டேன். உங்களுக்கு பஸ்ஸு ஏறத் தெரியாதா?"

அதிகாரி படிவத்தை எடுத்தார். "அவ பஸ்ல வந்தத யாராவது பாத்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கண்ணால் பார்க்காததை எழுதாதே என்று நிருபர்களை முப்பது வருடம் விரட்டியவன் நான். பழக்க தோஷத்தில் இல்லை என்று தலையை ஆட்டினேன். 'மறுதேர்வு' என்று எழுதினார். கீழே, 'வரிசையில் நிற்கவில்லை' என்றும் சேர்த்தார்.

மாலையில் அம்மா வந்தார்.

"அவ வந்து சேந்தாளா இல்லியா?"

"சேந்துட்டாம்மா. ஆனா நாங்க பாக்கல" என்றேன்.

"இன்னா சார் இது? பஸ்ஸ வுட்டது நீங்க. உங்களுக்கு வைங்க டெஸ்ட்டு. எம் பொண்ணுக்கு இன்னாத்துக்கு?"

பொதுத்தேர்வு முடிந்த மறுநாள், கடிதத்துக்குக் காத்திராமல், மகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு அவர் வியாபாரத்துக்குப் போய்விட்டார். பேக்கரி முதலாளி பிறகு என்னிடம் சொன்னது: அவள் வந்து நின்றதும், அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"கூட யாரும்மா வந்தாங்க?"

"யாரும் வர்ல."

அதற்குமேல் அவர் கடிதம் கேட்கவில்லை.

மறுதேர்வு நாளில் ஐந்து பேரும் கனகசெட்டிக்குளம் நிறுத்தத்தில் நின்றோம். ஆசிரியை அவளுக்குப் போன் செய்தார். "வேல கீது மிஸ், லீவு குடுக்க மாட்டாங்க" என்றாள். அவள் முந்தைய பேருந்திலேயே போயிருந்தாள்.

படிவத்தில் 'வரவில்லை' என்று ஆசிரியை எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருந்தோம்.