எந்திரப் பெட்டிக்குள் கேட்ட இருமல்

பெரிய பெரிய சதுரங்க வீரர்களெல்லாம் கம்ப்யூட்டரிடம் தோற்கிறார்கள் என்று இப்போது பேப்பரில் படிக்கிறேன். நானும் ஒருமுறை எந்திரத்தோடு ஆடியிருக்கிறேன்.

சுதந்திரத்துக்கு முந்தைய வருடம், கல்லங்குறிச்சித் தேருக்கு ஒரு கூடாரக்காரர் 'சதுரங்கம் ஆடும் எந்திரம்' கொண்டுவந்திருந்தார். பெரிய மரப்பெட்டி, அதன்மேல் கையை அசைத்துக் காய் நகர்த்தும் பொம்மை. அரியலூரில் என்னை ஜெயிக்க ஆளில்லை என்று சொல்லி நண்பர்கள் என்னை அதன் எதிரே உட்காரவைத்தார்கள்.

ஆட்டம் என் பக்கம் இருப்பதாகவே நினைத்தேன். அப்போது பெட்டிக்குள் யாரோ இருமலை அடக்குவது காதில் விழுந்தது. பங்குனி வெயிலில் உள்ளே ஒரு ஆள் வெந்துகொண்டிருக்கிறார்! மானம் போனால் போகட்டும் என்று, தோற்றதாக ஒப்புக்கொண்டு என் ராஜாவைச் சாய்த்துவிட்டேன். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

எல்லோரும் கலைந்ததும் செம்பில் தண்ணீரோடு பின்பக்கம் போனேன். பெட்டியிலிருந்து இறங்கியவர் கூடாரக்காரரின் மனைவி. வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார். ஒரே மூச்சில் செம்பைக் காலி செய்தார்.

"இருமல் கேட்டுச்சுங்க. அதான் விட்டுக்குடுத்துட்டேன்," என்றேன்.

"என்னத்த விட்டுக்குடுத்தீங்க? உங்க ராஜாவுக்குத் தப்பிக்க வழியே இல்லீங்களே," என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து காய்களை அப்படியே அடுக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். தண்ணீர் கொடுக்கத் தோன்றிய எனக்கு, "நல்லா ஆடுனீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.