அவன் எங்கே சாப்பிட்டான்?

முனிலட்சுமி போய்ச் சேர்ந்தது 2006 ஆடிப்பெருக்கு அன்று. ஊரே கெலவரப்பள்ளி அணைக்குக் கிளம்பியிருந்தது. அவள் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள். ஓசூர் குற்றப்பிரிவு ஏட்டு எல்லப்பனுக்குப் பெண்டாட்டி போனாள். கூடவே மூளையும் போனது. இரண்டாவது விஷயம் ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாது.

அவர் துப்புத் துலக்கிய லட்சணம் அப்படி. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து வழக்கை ஒப்பிப்பார். கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்த முனிலட்சுமி குழம்பை ஊற்றிக்கொண்டே ஏதாவது கேட்பாள். மறுநாள் எல்லப்பன் மீசையைத் தடவிக்கொண்டு ஸ்டேஷனில் அதையே கேட்பார். பேர் அவருக்கு.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினால், சிப்காட் கம்பெனி வாசல்களில் வரிசையாக பைக் திருட்டு. மாநில எல்லையான ஜூஜுவாடியைத் தாண்டிவிட்டால் வண்டிக்கு கர்நாடக நம்பர் வந்துவிடும்.

"இதையும் புடிக்கலன்னா சம்மன் குடுக்கப் போய்டுங்க ஏட்டு" என்ற இன்ஸ்பெக்டர், துணைக்குப் புதிதாக வந்த கான்ஸ்டபிள் பூங்கொடியை அனுப்பினார். தேனிப் பக்கத்துப் பெண்.

ஒரு வாரம் கேட் கேட்டாக நின்றார்கள். எல்லப்பன் மீசையைத் தடவியதுதான் மிச்சம்.

"என்னங்கய்யா, பெரிய புலின்னாய்ங்க. மீசை தேஞ்சிரும் போல."

"புலி வூட்டுல இருந்துச்சும்மா. நான் வாலு."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். பூங்கொடி சிரிக்கவில்லை.

"சரி, அக்கா இருந்தா என்ன கேப்பாக?"

"அவளா? திருடனா இருந்தாலும் 'அவன் எங்க சாப்ட்டான்'னுதான் மொதல்ல கேப்பா."

சொன்ன வாய் மூடவில்லை. கம்பெனி யூனிஃபார்ம் போட்டவன் வாசலில் வண்டியை எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நிஜமாக ஷிப்டில் இருப்பவனுக்கு கேன்டீனில் சாப்பாடு; கேட்டுக்கு வெளியே விடமாட்டார்கள். அப்படியானால் மத்தியானம் யூனிஃபார்மோடு வெளியே சாப்பிடுகிறவன் யார்?

எதிரே மெஸ் நடத்தும் நாராயணம்மா யோசிக்கவே இல்லை. "ஒருத்தன் வர்றான் சார். நீலச் சட்ட, கழுத்துல கார்டு. கேன்டீன் சாப்பாடு புடிக்கலயாம். எனக்குப் பெருமையா இருந்துச்சு."

மறுநாள் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் அவனைப் பிடித்தார்கள். சட்டையும் திருட்டு, கார்டும் திருட்டு.

இன்ஸ்பெக்டர் கைகொடுத்தார். மீசைக்குப் போன கையை எல்லப்பன் இறக்கிக்கொண்டார்.

"புடிச்சது எம் பொண்டாட்டி சார்."

துக்கத்தில் உளறுகிறார் என்று லீவு கொடுத்து அனுப்பினார் இன்ஸ்பெக்டர்.

பூங்கொடி சொந்த ஊர்ப் பக்கம் மாற்றலாகிப் போய் வருஷங்கள் ஆன பிறகு, ஒருநாள் எல்லப்பன் தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொள்ளும்போது செல்போன் கிணுகிணுத்தது:

"ஐயா, இங்கிட்டு ஒரு நகைத் திருட்டு. அக்கா கேள்வியத்தான் கேட்டேன், ஆள் சிக்கிட்டான். எல்லாரும் என்னைய புலிங்கிறாய்ங்க. வாலுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாய்ங்க."