பிலோமினாவும் ஒரு கல்யாண ஆல்பமும்

செய்தி வந்த நேரத்தில் நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் உள்ள எங்கள் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் பார்க்க விழுப்புரத்திலிருந்து வரவேண்டிய டாக்டர் பிலோமினா பதினோரு மணியாகியும் வரவில்லை. "இந்தம்மா விழுப்புரத்துலயே யார் தாடையையாவது அளந்துக்கினு இருக்கும்" என்று நர்சிடம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கணவர் போன் செய்தார். விடியற்காலையில் மாரடைப்பு, போய்விட்டாராம்.

பிலோமினாவோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்து, கீழ்த்தாடை சரியாக வளர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்யாமல் ஸ்கேனை முடிக்கமாட்டார். பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தால் தாயை எழுப்பி வராந்தாவில் நடக்கவிடுவார். வெளியே இருபது பேர் காத்திருப்பார்கள். நான் உள்ளே போய்க் கத்துவேன். "தாடை சின்னதா இருந்தா நாக்கு பின்னாடி போயி தொண்டைய அடைச்சிடும் டாக்டர். புள்ளைக்கு மூச்சு விடத் தெரியும், அதுக்கு வழி இருக்கணுமில்ல?" என்பார். கண் திரையை விட்டு நகராது.

ஏழு வருடத்துக்கு முன் கிளியனூரிலிருந்து அமுதா என்ற கர்ப்பிணி வந்தபோது, பிள்ளையின் தாடை சிறிதாகத் தெரிந்தது. குடும்பவாகா, கோளாறா? தகப்பனின் தாடையைப் பார்க்கவேண்டும் என்றார் பிலோமினா. அமுதாவின் கணவர் ஏழுமலைக்கோ மார்புவரை தாடி.

"ஷேவ் பண்ணிக்கினு வாங்க தம்பி."

"வூட்ல மாசமா இருக்கறப்ப மூஞ்சில கத்தி வைக்கக்கூடாதுங்க மேடம். பொறந்த பிறகு திருவக்கரை கோயில்ல மொட்டையே போட்டுக்கறேன்."

பிலோமினா வாதாடவில்லை. "அப்ப கல்யாண ஆல்பத்த எடுத்துக்கினு வாங்க."

மறுநாள் ஏழுமலை அந்தப் பெரிய ஆல்பத்தைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் முகம் பக்கவாட்டில் விழுந்திருந்தது. தாடை சிறிதுதான். எனக்கு ஒரே சந்தோஷம். "அப்பன் ஜாடைதான், இங்கயே பிரசவம் பாத்துக்கலாம்" என்று அவர்களிடம் சொல்லியும்விட்டேன். என் வாழ்க்கையில் நான் அவசரப்பட்டுச் சொன்ன வார்த்தைகளில் அதுதான் மோசமானது.

பிலோமினா என்னைத் தனியாக அழைத்தார். "பனிக்குடத்துல தண்ணி அதிகமா இருக்கு. புள்ள சரியா முழுங்கலன்னு தோணுது. ஆல்பம் அப்பனுக்கு சர்டிபிகேட்டு டாக்டர், புள்ளைக்கு இல்ல." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாங்கள் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஒரு வாரமும் அவர் தினமும் ஏழுமலைக்குப் போன் போட்டுப் பேசி, பிரசவத்தைப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்.

பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. தயாராக நின்ற குழந்தை டாக்டர் அதைக் குப்புறப் படுக்கவைத்து, மூக்கு வழியாகக் குழாய் செலுத்தினார். நாக்கு முன்னால் வந்தது, மூச்சும் வந்தது. அந்தக் குழாய் அன்று என் ஆஸ்பத்திரியில் இல்லை.

பெருந்தன்மையாக பிலோமினா என் அவசரத்தை மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஏழு வருடம் சொல்லிக் காட்டினார். நான் டீ சொன்னால்கூட, "ஆல்பம் பாத்துட்டுதான் சொல்றீங்களா டாக்டர்?" என்பார். விழுந்து விழுந்து சிரிப்போம்.

அடக்கத்துக்கு ஏழுமலை மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு வந்திருந்தார். கூடவே ஏழு வயது மகள் யாழினி. கல்லறைத் தோட்டத்திலும் அவள் வாய் ஓயவில்லை. "சும்மா இரும்மா" என்று அதட்டிய தகப்பனை நான்தான் தடுத்தேன். அவள் பேசட்டும், பிலோமினாவுக்கு அது கேட்கட்டும் என்றிருந்தது.

நேற்று புதிய ஸ்கேன் டாக்டர் என்னிடம் வந்தார். "எல்லாம் நார்மல் மேடம். தாடை மட்டும் தெரியல, புள்ள திரும்பிப் படுத்திருக்கு. வெளிய கூட்டமா இருக்கு, விட்டுடலாமா?"

பிலோமினாவிடமிருந்து எனக்குக் கிடைத்திருப்பது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். அந்தக் கர்ப்பிணியை எழுப்பி வராந்தாவில் நடக்கவிட்டேன். "இன்னா மேடம், ஒரே பேஜாரா கீது, எவ்ளோ நேரந்தான் உக்காந்துக்கினு இருக்கறது?" என்று காத்திருந்தவர்கள் கத்தினார்கள். திட்டை வாங்கிக்கொண்டு அவளோடு நானும் நடந்தேன்.